படிக்கிற வாசல், எழுதுகிற வாசல்

மூடிவிடாதீர்கள், அம்மா. எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து இருக்கை, கண் தானாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தின் பக்கம்தானே அது? மேலே கட்டடத்தின் படம் தெளிவாக இருக்கிறது. கீழே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி வட்டம். எனக்கு அதைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

உங்கள் போனில் கோளாறு இல்லை. அலங்கோலமாக இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். அலங்கோலமாக இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தமிழ் எங்கும் போகவில்லை, யாரோ அதைத் தப்பாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். வாசிக்கிற முறையைச் சரிசெய்தால் வந்துவிடும். பயப்பட வேண்டியது சுத்தமாக இருப்பதைப் பார்த்துத்தான். வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் வரும் பாருங்கள், ஒரே அளவு, ஒரே இடைவெளி, பார்வைக்கு அவ்வளவு ஒழுங்கு. அது போனது போனதுதான். கர்த்தரே வந்தாலும் திரும்பாது.

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். திருச்செந்தூர் வண்டி போகிறவரை பஸ் இங்கேயேதான். நீங்களும் நாசரேத்தா? நானும். என் அக்கா வீட்டுக்கு. இன்றைக்கு அத்தானுடைய இரண்டாம் வருட நினைவு ஆராதனை.

என் தொழிலே இதுதான் அம்மா. சிரிக்காதீர்கள், இந்தத் தலைநரையைப் பார்த்தால் யாரும் நம்புவதில்லை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினேன். அச்சுக் கோர்க்கிறவர்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அதைக் கற்றுக்கொண்டேன். அச்சகமும் போய் ஆல்வின் வந்தான். ஆல்வின் அந்த அச்சக முதலாளியின் மருமகன். பேக்கரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறான். தமிழ் எங்கே உடைந்தாலும், "ஆன்ட்டி, கொஞ்சம் பாருங்க" என்பான். பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் கண்தான் போயிற்று.

அவனிடம் இருக்கிற தளங்களில் ஒன்று நினைவஞ்சலித் தளம். எங்கள் பக்கத்து ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களா, இங்கே ஒருத்தர் போய்விட்டால் எல்லோராலும் வந்துவிட முடியாது. வீட்டார் ஒரு பக்கம் திறந்து படம் போடுவார்கள். அதற்குக் கீழே ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். துபாயிலிருந்து எழுதுவார்கள், கனடாவிலிருந்து எழுதுவார்கள். வருகிற செய்தியைப் பார்த்து உள்ளே விடுவது என் வேலை.

உள்ளே விடுவது மட்டும் என்று ஆல்வின் சொன்னான். ஆனால் வருகிற தமிழை நீங்கள் பார்க்க வேண்டும். நிறுத்தம் கிடையாது. வரி எங்கே முடிகிறது என்று கிடையாது. சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். செத்தவர் பக்கத்தில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், இப்படியா? நான் ஒழுங்குபடுத்திக் கொடுப்பேன். அதிகப்படியை எடுப்பேன், கலைந்து கிடப்பதை வரிசைப்படுத்துவேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் கைக்குப் பழக்கம். தலை கலைந்த பிள்ளையைப் பார்த்தால் தடவிவிடத் தோன்றாதா?

அத்தான் கணக்கு வாத்தியார். தவமணி சார் என்றால் நாசரேத்தில் கேட்டுப் பாருங்கள். நல்ல மனுஷன், பிடிவாதம். ஒரே மகன் கிப்சன் நியூசிலாந்தில் இருக்கிறான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசவில்லை. இவர் கூப்பிடட்டும் என்று அவன், அவன் கூப்பிடட்டும் என்று இவர். நடுவில் என் அக்கா ரஞ்சிதம். அத்தான் போனபோது விசா கிடைக்கவில்லை என்று அவன் வரவில்லை. விசாவா, வைராக்கியமா, எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு மாதம் போன பிறகு அந்தப் பெட்டியில் எழுதினான். நான்தான் உள்ளே விட்டேன். அக்காவுக்குப் போன் செய்து, "கிப்சன் எழுதியிருக்கான்க்கா" என்றேன். "ஏட்டி, நீ வாசிக்காத. நானே வாசிச்சுக்கிடுதேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் வேதம் வாசித்து முடித்ததும் போனை எடுத்து அதை வாசிப்பாள். ஜெபத்தைவிட அதற்குத்தான் நேரம் அதிகம் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள்.

கடலை வேண்டுமா? வேண்டாமா? சரி.

முதல் வருட ஆராதனை நெருங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஆல்வின் சர்வரை மாற்றினான். எல்லாத் தளத்தையும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பது, வீடு மாற்றுவது மாதிரி. "ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி" என்றான். வீடு மாற்றும்போது ஏதாவது உடையாமல் இருந்திருக்கிறதா?

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. இந்த மாதிரித் தளத்தில் பக்கம் என்று ஒன்று எழுதி வைக்கப்பட்டிருப்பது கிடையாது. ஹோட்டலில் தோசை மாதிரி, நீங்கள் கேட்டால்தான் ஊற்றுவார்கள். எழுத்தெல்லாம் ஓரிடத்தில் எண்ணாக மாற்றி அடுக்கி வைத்திருக்கும். அங்கிருந்து ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, ஒருத்தர் வாங்கிப் பக்கமாக்க, ஒருத்தர் உங்கள் போனுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். அத்தனை பேரும் அந்த எண்ணை ஒரே மாதிரி எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒருத்தர் மாற்றிப் படித்தால் போச்சு.

பழைய சர்வரில் அடுக்கி வைத்த இடத்துக்கே அது தமிழ் என்று தெரியாது. ஏதோ ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வைத்துக்கொண்டிருந்தது. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே தப்பைச் செய்ததால் கடைசியில் சரியாக வந்தது. பல குடும்பம் அப்படித்தானே ஓடுகிறது. புது சர்வரில் ஒருத்தர் மட்டும் ஒழுங்காக வேலை பார்க்க ஆரம்பித்தார். எல்லாம் உடைந்தது.

இதில் எனக்கென்று ஒரு உள்பக்கம் உண்டு, வேலை செய்கிற பக்கம். அதை ஆல்வின் பாதி மாற்றினான், பாதி விட்டுவிட்டான். படிக்கிற வாசல் பழையது. எழுதுகிற வாசல் புதியது. படிக்கிற வாசலில் எனக்குத் தமிழ் தமிழாகவே தெரிந்தது. எழுதுகிற வாசலில் தமிழே தெரியாத ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் புரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்?

ஆராதனைக்கு எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்களே என்று நான் சர்வர் மாறிய அன்றைக்குத்தான் உட்கார்ந்து அத்தான் பக்கத்தை ஒழுங்குபடுத்தினேன். நல்ல செய்தியாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பிஷப் அலுவலகத்திலிருந்து வந்தது, அத்தானுடைய பழைய ஹெட்மாஸ்டர் எழுதியது, கிப்சன் எழுதியது. கிப்சன் எழுதியதைத் தொடாமல் விட முடியுமா? 'அப்பா அப்பா அப்பா' என்று வரி பூராவும் அதுவே. நிறுத்தம் இல்லை. நடுவில் ஏதோ சைக்கிள், ஏதோ மழை, யாரோ யாரையோ தூக்கிக்கொண்டு போனது, மறுபடி அப்பா. ஒரு 'அப்பா' போதும் என்று மற்றதை எடுத்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். சேமி என்கிற பொத்தானை அமுக்கினேன். அமுக்கியது நான்தான், கொட்டியது சர்வர்.

ஒரு சைக்கிள் கடைக்காரர் எழுதியதை மட்டும் நான் தொடவில்லை. அதில் எங்கே ஆரம்பிப்பது? 'சார் எங்க தெரு நாய்க்கெல்லாம் பிஸ்கட் போடுவாரு இப்ப நாய் எல்லாம் சார் வீட்டு வாசல்ல படுத்து கெடக்கு நாங்க வெரட்டல' என்று. அதைப் பிஷப் அலுவலகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு என்ன செய்ய. அப்படியே விட்டேன்.

மறுநாளிலிருந்து போன். திருச்சியிலிருந்து போன், மஸ்கட்டிலிருந்து போன். "எங்க அம்மா பக்கத்துல என்னமோ வந்திருக்கு, வைரஸா?" என்கிறார்கள். ஒருத்தர், "எங்க அப்பாவைப் பத்தி இங்கிலீஷ்ல யாரோ கெட்ட வார்த்தை எழுதியிருக்கான்" என்று போலீசுக்குப் போகிறேன் என்றார். ஆல்வின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இது தமிழ் வரும் முறை' என்று ஒரு வரி சேர்த்தான். அது ஏற்கனவே இருந்தது, இப்போது இரண்டானது. பிறகு சர்வர் அனுப்புகிற அறிவிப்பை மாற்றினான். பிறகு அடுக்கி வைத்த இடத்தையே நேராக மாற்றப் போனான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருப்பா. அலங்கோலத்தை அலங்கோலமா இருக்கும்போதே தொடு. நீ சுத்தம் பண்ணினா செத்துப்போகும்."

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் அந்த இடத்திடம், இது எழுத்தே இல்லை, வெறும் எண் என்று சொல்லிப் பழையதை மறக்கவைக்க வேண்டும். அது மறந்த பிறகு, இது தமிழ் என்று சொல்ல வேண்டும். நேராகத் தமிழ் என்று சொன்னால் தான் தெரிந்துவைத்திருப்பதை வைத்து மொழிபெயர்க்கப் பார்க்கும், அங்கேதான் கெடும். ஒவ்வொரு பக்கமாகச் செய்தேன். பாதி பக்கம் எங்கள் வழிக்கு வந்தது, பாதி இரண்டு முறை உடைந்திருந்தது. யார் முதலில் சத்தம் போட்டார்களோ அவர்கள் பக்கம் முதலில். நம் வீட்டுப் பக்கம்தானே, அக்காதானே, கடைசியில் பார்க்கலாம் என்று விட்டேன். அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். போனைப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கட்டுப் பிரித்த பிறகு கூப்பிட்டாள். அழுகை. "ஏட்டி சுகிர்தா, எனக்குக் கண்ணு போச்சுட்டி. ஆஸ்பத்திரிக்காரன் கெடுத்துட்டான். பைபிள் தெரியுது, காலண்டர் தெரியுது, புள்ள எழுதினது மட்டும் தெரிய மாட்டேங்கு."

நான் சிரித்துவிட்டேன். "கண்ணு இல்லக்கா, சர்வர்" என்றேன். "இன்னைக்குச் சரியாயிடும்" என்றேன். பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

சைக்கிள் கடைக்காரர் 'ஏ'யும் வட்டமுமாக இருந்தார். உயிரோடு இருந்தார். பிஷப் அலுவலகம் கேள்விக்குறி. ஹெட்மாஸ்டர் கேள்விக்குறி. கிப்சன், கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. அதற்குப் பிறகு நான் வைத்த முற்றுப்புள்ளி. அது மட்டும் பத்திரமாக இருந்தது.

நகல் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். ஒரு வாரத்து நகல்தான் இருக்கும், அதற்கு முந்தையது தானாக அழிந்துவிடும். பழைய சர்வரை ஆல்வின் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதை அவர்கள் துடைத்துவிட்டார்கள். அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். பிடி பிடி என்று பிடித்தாள் பாருங்கள்! "ஒன்ன யாருட்டி தொடச் சொன்னா? சின்னதுலருந்தே இதான் ஒனக்கு. நான் கோலம் போட்டா அழிச்சுட்டு நீ போடுவ. நான் சடை பின்னினா பிரிச்சு நீ பின்னுவ. எம்புள்ள எழுதினது ஒன் கண்ணுக்குப் பிசிறாட்டி தெரிஞ்சுது?" பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து போனை வாங்கி வைக்கும்வரை பேசினாள். மறுநாளும் கூப்பிட்டுத் திட்டினாள். அதற்கு மறுநாளும். பாதி வேலையில் விட்டுவிட்டு எழுந்துபோய் வெளியில் நின்று திட்டு வாங்குவேன். ஆல்வின், "ஆன்ட்டி, உங்க அக்கா லைன்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். அவனை யாரும் திட்டவில்லை, அதைக் கவனியுங்கள்.

கிப்சனைக் கூப்பிட்டேன். "சின்ன விஷயம்ப்பா, அன்னைக்கு எழுதினதத் திரும்ப ஒருதரம் அடிச்சு அனுப்பு" என்றேன்.

"எத சித்தி?"

"அப்பாவுக்கு எழுதினியே."

"அது அன்னைக்கு வந்துது சித்தி. இன்னைக்கு வராது" என்று வைத்துவிட்டான். எவ்வளவு சோம்பேறித்தனம் பாருங்கள்.

அக்காவையே கேட்டேன். "தினமும் வாசிச்சியேக்கா, உனக்கு ஞாபகம் இருக்குமே. நீ சொல்லு, நான் அடிக்கேன்." அதற்கு அவள், "அது வாயால சொல்லுததுக்கு இல்லட்டி" என்றாள். மறந்திருப்பாள். ஒத்துக்கொள்ள வெட்கம். வயது எழுபதைத் தாண்டிவிட்டதே.

முதல் வருட ஆராதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். பிஷப் அலுவலகம் மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டது. ஹெட்மாஸ்டரும் கொடுத்துவிட்டார். மகன் இடம் மட்டும் காலி. பெற்ற மகன் இடம் காலியாக இருந்தால் ஊர் என்ன பேசும்? நான் உட்கார்ந்து எழுதினேன். என் நினைவில் இருந்ததை வைத்து, கிப்சன் பெயரில். எனக்கு எழுத்து வரும் அம்மா, ஒரு காலத்தில் கல்லூரி மலரில் என் கவிதைதான் முதல் பக்கம். 'என்னைத் தோளில் சுமந்த தந்தையே, உம் தோள் இன்று மண்ணில் சாய்ந்ததோ' என்று ஆரம்பித்தேன். சைக்கிளையும் மழையையும் சேர்த்தேன், ஆனால் ஓரிடத்தில் அடக்கமாக. ஒரே ஒரு 'அப்பா', கடைசியில், அது விழ வேண்டிய இடத்தில். இந்த முறை எழுதுகிற வாசலைச் சோதித்துவிட்டுத்தான் சேமித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

போதகர் அதைக் கோயிலில் வாசித்தார். பெண்கள் பக்கம் அழாதவர்கள் இல்லை. அக்கா மட்டும் அழவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு சுகிர்தா" என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. ஆல்வினும் சொல்லவில்லை. அத்தனை வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அத்தனை பக்கத்தை மீட்டேன், ஒரு வீட்டிலிருந்தாவது நன்றி என்று ஒரு வார்த்தை? போகட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்குப் பிறகு அக்கா என்னைத் திட்டுவதே இல்லை. ஒரே ஒருமுறைகூட இல்லை. பிறந்ததிலிருந்து சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், நம்புவீர்களா? இப்போது 'ஏட்டி' என்றுகூடச் சொல்வதில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள், நல்லா இருக்கியா என்பாள், சரி வைக்கட்டுமா என்பாள். காலையில் போனில் வாசிப்பதையும் விட்டுவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எப்போதாவது அந்தச் சைக்கிள் கடைக்காரர் எழுதியதை மட்டும் எடுத்துச் சத்தமாக வாசிப்பாளாம், நாய், பிஸ்கட் என்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் எழுதியது அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனாலும் வீட்டில் சமாதானம் வந்ததே, அது பெரிது. இந்த வயதில் அந்தச் சத்தத்தைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

வண்டி வருகிறது பாருங்கள், புகை தெரியாத வண்டி, சத்தம்தான் முதலில் வருகிறது. கேட் திறக்க இன்னும் நேரம் ஆகும். இவ்வளவு நேரம் கழித்துப் போனால் முன்னெல்லாம் என் தோலை உரித்திருப்பாள். கூடை, குடை, எது கையில் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக் காட்டுவாள், வாசலிலேயே நின்றுகொண்டு.

இப்போது பாருங்கள், பஸ் நின்றுவிட்டது, ஆராதனைக்குப் பிந்தும் என்று எழுதிப் போட்டேன். உடனே பதில் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், நீங்களே வாசியுங்கள். 'பரவாயில்லை. நிதானமாக வரவும்.' இரண்டு வரி. இரண்டுக்கும் முற்றுப்புள்ளி. முன்னே அவள் எழுதினால் எது தலை, எது வால் என்று தெரியாது, நான் வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

எவ்வளவு சுத்தமாக எழுதுகிறாள் பாருங்கள் இப்போது. தொட்டுத் திருத்த ஒன்றுமே இல்லை.